அட்டை அங்கே, ஆள் இங்கே



கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே நிதானமாக வாசியுங்கள். அமெரிக்கா, கனடா என்று இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெரியவர்கள் அதைவிடக் கட்டாயமாக வாசியுங்கள்.

சில வருடங்களாக எனக்கு வரும் போன்களில் ஒரே மாதிரி ஒரு கோரிக்கை இருக்கிறது. "டீச்சர், அம்மா ஊருக்கு வந்து பத்து மாசம் ஆச்சு. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள ஒரு தடவை இங்க வந்து தலையைக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இல்லேன்னா கிரீன் கார்டு போயிடும். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தால் அவர் சொல்வது வேறு. "எனக்கு எதுக்கு டீச்சர் அந்த அட்டை? இருபது மணி நேரம் உட்கார்ந்து போக இடுப்பு தாங்கல. ஆனா பையன் இவ்வளவு செலவு பண்ணி வாங்கிக் கொடுத்திருக்கான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

கிருஷ்ணன்கோவிலைச் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு என்று எந்தத் தெருவில் கேட்டாலும் இன்று இப்படி ஒரு வீடு இருக்கிறது. நம் ஊரிலேயே பொறியியல் படித்து வெளிநாடு போன பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் அங்கே குடியுரிமை வாங்கியதும் செய்கிற முதல் நல்ல காரியம், அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு எடுப்பது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு விண்ணப்பித்தால், மற்ற உறவுகளுக்கு உள்ளதுபோல் ஆண்டுக்கணக்கான வரிசை கிடையாது. அதனால் கிடைப்பது ஓரளவு சுலபம். கிடைத்த பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

நான் சமூக அறிவியல் நடத்தியவள், வக்கீல் இல்லை. ஆனாலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டுகிற சொத்து இல்லை. "நான் இங்கே குடியிருக்கிறேன்" என்று ஒருவர் ஒரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கு. அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் அதைப் பொறுப்பாகக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கடைசிவரை ஊரில்தான் என்று முடிவு செய்தவர்கள் அதைத் தாங்களே முறைப்படி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எது என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெரியவர். பிள்ளைகள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். இதில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

வகுப்பில் வருகைப் பதிவேடு ஞாபகம் இருக்கிறதா? பையன் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆள் மூன்று மாதமாகப் பருத்திக் காட்டில் இருப்பான். அவனுடைய அப்பா முன்கூட்டியே வந்து, "வீட்டில் இன்ன கஷ்டம், இந்தத் தேதிக்குள் வந்துவிடுவான்" என்று விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அது ஒரு கணக்கு. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள் வந்து "பெயர் இருக்கிறதே" என்றால் அது வேறு கணக்கு. கிரீன் கார்டு விதிகள் முழுக்க இந்தப் பதிவேட்டுக் கணக்குத்தான்.

180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால், புதிதாக உள்ளே வருகிறவரைப் போல அதிகாரி விசாரிக்கலாம். ஒரு வருடம் ஆகிவிட்டால், திரும்பி வருவதற்கான ஆவணமாக அந்த அட்டை மட்டும் செல்லாது. அட்டையின் மேல் பத்து வருடத்துக்குத் தேதி அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தேதி அட்டைக்கு உரியது, குடியிருப்புக்கு அல்ல.

"ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்த் தரையை மிதித்துவிட்டு வந்தால் போதும், ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் தவறு. நாள் கணக்கு ஒரு அடையாளம் மட்டுமே. ஒருவருடைய நிரந்தர வீடு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதுதான் சட்டத்தின் கேள்வி. வருடத்தில் பத்து மாதம் இங்கே, ஒன்றிரண்டு மாதம் அங்கே என்று ஐந்தாறு வருடம் ஓட்டினால், ஒரு பயணம்கூட ஆறு மாதத்தைத் தாண்டாவிட்டாலும், "நீங்கள் அங்கே வசிக்கவில்லை, வந்து போகிறீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது.

விடுப்பு விண்ணப்பத்துக்கும் வழி இருக்கிறது. ரீ-என்ட்ரி பெர்மிட் என்று பெயர். ஐ-131 என்ற படிவம். அமெரிக்காவில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்து, கைரேகையும் கொடுக்க வேண்டும். சாதாரணமாக 2 வருடம் செல்லும். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்து அதற்கு விண்ணப்பிக்க முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைப் பற்றிக் கேட்பது ஊருக்கு வந்து பத்தாவது மாதத்தில்தான் என்பது என் அனுபவம்.

அதுவும் தவறிவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. எஸ்பி-1 என்கிற, திரும்பி வரும் குடியிருப்பாளருக்கான விசா. அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிளம்பும்போது திரும்பும் எண்ணம் இருந்தது, அந்த எண்ணம் மாறவில்லை, தங்க நேர்ந்தது நம் கையை மீறிய காரணத்தால் என்று மூன்றையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை முழுதாகத் திரும்பியது 2022 மார்ச் 27இல். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தும். "பேத்தி சடங்கு, அப்புறம் ஆடிப்பூரம், அப்புறம் தேங்காய் வெட்டு" என்பதெல்லாம் நமக்குக் காரணம். அவர்களுக்கு இல்லை.

இதைக் கேட்டு அமெரிக்கச் சட்டம் மட்டும்தான் இப்படி என்று கோபப்பட வேண்டாம். நம் நாட்டு 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க ஒருவர் அந்தத் தொகுதியில் "வழக்கமாக வசிப்பவராக" இருக்க வேண்டும். ஒரு வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவர் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கேள்வி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: அடுப்பு எங்கே எரிகிறது?

இந்தக் கேள்வி நம் பக்கத்து மக்களுக்குப் புதிதும் இல்லை. பத்தாம் வகுப்பில் நான் ஒரு பீரியட் முழுக்கப் பேசிய விஷயம் இது. சிலருக்காவது நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பகுதி அப்போது பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் பிரிந்தோம். அந்த ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். மூன்று தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளினார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களைக் குடிமக்களாக ஏற்கவில்லை. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அடுத்த வருடம், 1949இல், இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. விண்ணப்பிக்கலாம், ஆனால் நிபந்தனை உண்டு. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம், இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். "தொடர்ந்து" என்றால் என்ன? ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. பார்த்தீர்களா, அதே ஒரு வருடக் கணக்கு!

யோசித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளி ஒருவர் ஊருக்கு வருகிறார். அப்பாவுக்குக் கருமாதி, தங்கைக்குக் கல்யாணம், இடையில் மனைவிக்குப் பிரசவம். கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர வேண்டும். 12 மாதம் எப்படிப் போகும் என்று தெரியாது. ஊருக்குப் பணம் அனுப்பியதும், ஊரில் ஒரு குழி நிலம் இருந்ததும்கூட, "இவன் இங்கே நிலையாகத் தங்கப் போகிறவன் இல்லை" என்பதற்கு அடையாளமாகப் பார்க்கப்பட்டன. சொந்த ஊர்மேல் பாசம் வைத்தது அவனுக்கு எதிரான சாட்சி ஆயிற்று. சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போட்டார்கள். குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை இரண்டு நாடுகளும் எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, தாங்கள் பார்த்தே இராத "சொந்த ஊரை"த் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். அங்கேயே இருந்துவிட்டவர்களில் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2003இல். ஐம்பத்தைந்து வருடம் கழித்து.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? அந்த மக்களிடம் "நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்?" என்று யாரும் மனம் வைத்துக் கேட்கவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அந்த வாய்ப்பை நாமே பிடுங்கிக்கொள்ளலாமா?

தேர்ந்தெடுக்காமல் ஓட்டுகிற வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கிறவள் நான். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். 74 வயது, சர்க்கரை, முழங்கால் வலி. கணவர் இல்லை. வருடத்தில் ஒன்பது பத்து மாதம் இங்கே. "கார்டுக்காக" ஒரு தடவை போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வருவார். அங்கே மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம். பகலெல்லாம் இவர் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தால் தூக்கம் சரியாக ஒரு மாதம் ஆகும். இந்தப் பயணத்தால் மகனுக்கும் சந்தோஷம் இல்லை, இவருக்கும் இல்லை. அட்டைக்கு மட்டும்தான் சந்தோஷம்.

போன தடவை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி, "நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார். இந்த அம்மாவுக்குப் பொய் வராது. "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்து விசாரித்து, எச்சரித்து விட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாதம் முன்பே அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. "என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும்" என்று மகன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி மனப்பாடம் செய்யச் சொல்கிறானாம். பிள்ளைகளே, அம்மாவைப் பொய் சொல்லப் பழக்குவதற்கா இத்தனை பாடு?

இதற்கு நேர்மாறாக என் உறவில் ஒரு சித்தப்பா. ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் நான்கு வருடம் உண்மையாகவே இருந்து பார்த்தார். பிறகு ஒருநாள் மகளை உட்கார வைத்துப் பேசினார். "எனக்கு இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பேர்கிட்டப் பேசாம என்னால இருக்க முடியல." ஐ-407 என்ற படிவத்தை நிரப்பி, அட்டையைச் சேர்த்துத் தபாலில் அனுப்பினார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்துப் பேட்டிக்குப் போனார். "கிரீன் கார்டு இருந்தது, நானே திருப்பிக் கொடுத்தேன், என் வீடு ஊரில்தான்" என்று சொன்னாராம். விசா கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், அது அவர்கள் முடிவு. ஆனால் இப்போது சித்தப்பா போவது பேத்தியைப் பார்க்க. கணக்குக் காட்ட இல்லை.

இன்னொரு உதாரணமும் சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி வத்திராயிருப்பில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு நிரந்தரமாகப் போய்விட்டாள். அங்கே கோயில், தமிழ்ப் பள்ளி, நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் என்று வேர் பிடித்துவிட்டாள். ஊரில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு வர வேண்டி இருந்தது. ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு அங்கேயே விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்த பிறகுதான் கிளம்பினாள். பதினோரு மாதம் இங்கே இருந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள். இதுவும் சரி, சித்தப்பா செய்ததும் சரி. இருவருமே தாங்கள் எங்கே வாழ்கிறோம் என்பதைத் தாங்களே சொன்னவர்கள்.

இப்போது பிள்ளைகள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது.

"டீச்சர், நாளைக்கு அம்மா படுத்துவிட்டால்? அப்போது விசாவுக்கு அலைய முடியுமா? அட்டை இருந்தால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே." இந்தப் பயம் நியாயமானது. தூரத்தில் இருக்கிற பிள்ளையின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற பயம் இது. ஆனால் ஒன்று கேட்கிறேன். படுத்துவிட்ட அம்மாவை இருபது மணி நேர விமானத்தில் ஏற்ற முடியுமா? பெரும்பாலும் அந்த நேரத்தில் வர வேண்டியவர்கள் நீங்கள்தான். மதுரை விமான நிலையத்தில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் வீடு. அட்டைக்குச் செலவிடும் டிக்கெட் காசில் நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை கூடுதலாக வரலாம்.

தவிரவும், திருப்பிக் கொடுத்தால் கதவு நிரந்தரமாக மூடிவிடாது. நீங்கள் குடிமக்களாக இருக்கும்வரை, அம்மா மனம் மாறி "உன்னோடு வந்து இருக்கிறேன்" என்றால் மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம். காலமும் பணமும் ஆகும், ஆனால் தடை இல்லை.

"வயதானவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?" என்றும் கேட்கிறீர்கள். இதில் நான் உங்கள் பக்கம். மனிதர்கள் இரண்டு இடத்தில் வாழ்வது குற்றம் இல்லை. பிள்ளை ஒரு கரையில், மண் ஒரு கரையில் என்று இருக்கிற எழுபது வயதுக்காரரை நாள் கணக்கு வைத்து விரட்டாமல் இருந்தால் எந்த நாடும் குறைந்து போகாது. நியூசிலாந்து நிரந்தரக் குடியிருப்பு விசாவுக்குக் காலக்கெடு இல்லை, எத்தனை வருடம் கழித்தும் திரும்பலாம். நம் இந்தியாவின் ஓசிஐ அட்டையும் அப்படித்தான், இத்தனை நாள் இங்கே இருந்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. அமெரிக்காவும் பெரியவர்களுக்கு இப்படி ஒரு வழி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் என் ஆசை சட்டம் ஆகாது. இருக்கிற சட்டத்துக்குள் அம்மாவை எப்படி நிம்மதியாக வைத்துக்கொள்வது என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் சுருக்கமாக. கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பெற்றோருக்கு அங்கே சூப்பர் விசா என்று ஒன்று உண்டு, 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் 5 வருடம்வரை தங்கலாம். பல குடும்பங்களுக்கு அதுவே பொருத்தம். பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் உரிமை, 2 வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் வெளியே போய்த் திரும்பும் அனுமதி 5 வருடம், அதன்பின் புதுப்பிக்க அங்கே வசித்த நாட்களைப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் நிரந்தரவாசிகள் ரீ-என்ட்ரி பெர்மிட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் சாதாரணக் குடியிருப்பு விசா, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ரத்தாகும்.

யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், வரி. கிரீன் கார்டு கையில் இருக்கும்வரை, ஆள் கிருஷ்ணன்கோவிலில் இருந்தாலும், அமெரிக்க வரிக் கணக்கில் அவர் பொதுவாக அந்த நாட்டுக் குடியிருப்பாளர்தான். இங்கே வருகிற பென்ஷன், வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாமே அங்கே கணக்கில் வரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். நம் ஸ்டேட் பாங்க் வைப்புத் தொகையும் அவர்களுக்கு வெளிநாட்டுக் கணக்குத்தான். அட்டை காலாவதியானாலும் இந்தக் கடமை தானாக முடிந்துவிடாது, முறைப்படி திருப்பிக் கொடுத்தால்தான் முடியும். "போனால் போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டோம்" என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிவிடுகிறேன். தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. உண்மையாகவே அங்கே வசிக்கிறவர்கள், ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க நேரும் என்று தோன்றினால் கிளம்புவதற்கு முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். கைரேகை முடியும்வரை பொறுத்திருங்கள்.

2. இங்கே மருத்துவமனையில் சேர நேர்ந்தால் சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் சுருக்கம், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அங்கே உள்ள வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, முகவரி ஆகியவை உயிரோடு இருக்கட்டும்.

3. விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், உண்மையில் அங்கே வசிக்கிறவர்கள் பயந்துபோய்க் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் படிவம் தன் விருப்பத்தோடு கொடுப்பதற்கானது. கையெழுத்துப் போட மறுத்தால் குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. குடியிருப்பைக் கைவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த அரசாங்கத்துடையது. இதை அம்மா அப்பாவுக்குத் தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

4. அங்கேயே இருக்க முடிவு செய்தவர்கள், தகுதி வந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி யோசியுங்கள். சாதாரணமாக 5 வருடக் குடியிருப்பு, அதில் குறைந்தது 30 மாதம் உடலால் அங்கே இருந்திருக்க வேண்டும். 55 வயது நிரம்பி, 15 வருடம் கிரீன் கார்டோடு வசித்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பதில் சொல்லலாம்.

5. திருப்பிக் கொடுக்க முடிவு செய்தவர்கள் ஐ-407 நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். 8 வருடமோ அதற்கு மேலோ அட்டை வைத்திருந்தவர்களுக்கு வரிச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. கொடுப்பதற்கு முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

6. விதிகள் மாறும். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் செய்யாமல், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். ஒரு விமான டிக்கெட்டைவிடச் செலவு குறைவுதான்.

பென்ஷன் வாங்கும் நாங்கள் வருடா வருடம் நேர்காணலில் "உயிரோடு இருக்கிறேன்" என்று காட்டுகிறோம். அதில் எனக்குக் கஷ்டம் இல்லை, அது உண்மை. ஆனால் எழுபத்தைந்து வயதில் ஒருவர் இருக்காத இடத்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருப்பது பெரிய பாரம். பிள்ளைகள் பாசத்தால்தான் அந்தப் பாரத்தை ஏற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவர்களும் பாசத்தால்தான் வாய் திறக்காமல் சுமக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மதினி, அண்ணாச்சி, சித்தி, உங்கள் எல்லாருக்கும்தான். "பிள்ளை மனசு கஷ்டப்படும்" என்று மூடி மறைக்காதீர்கள். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களுக்காக நாள்காட்டி முடிவு செய்யும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் டிக்கெட் தேதியைப் பேசுவதற்கு முன்னால், "அம்மா, நீ எங்க இருக்க ஆசைப்படுற?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். என்ன பதில் வந்தாலும் அதற்கு ஏற்ற வழி சட்டத்தில் இருக்கிறது.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள், வகுப்பில் போலவே. இப்படி ஒரு குழப்பத்தில் இருக்கிற குடும்பம் தெரிந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கிருஷ்ணன்கோவில்.